கொழும்பில் கூடாரத்துக்குள் இஞ்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாதுக்கையில் அக்கா வீட்டுக்குப் பின்னால் 200 சதுர மீற்றரில் ஒரு பொலித்தீன் கூடாரம் போட்டு, பைகளில் இஞ்சி வைத்து வருகிறேன். குடியிருப்பது வெள்ளவத்தையில். கலியாண வீடு, செத்த வீடு, கோயில் வாசல் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், “இஞ்சியில நல்ல காசாமே?” என்று தொடங்குவார். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைக்கிறேன். கேள்விகள் எல்லாம் கேட்டவர்களுடையவைதான்.

கொழும்பில் இவ்வளவு மழை பெய்கிறது. இஞ்சிக்குக் கூடாரமும் சொட்டு நீரும் எதற்கு?

நியாயமான கேள்வி. கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை. ஏப்ரல், மே மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொட்டித் தீர்க்கும். இஞ்சிக்கு வேண்டிய சூடும் ஈரப்பதனும் இங்கே தாராளமாக உண்டு. குருநாகல், கம்பஹா, கண்டிப் பக்கங்களில் தென்னைக்குக் கீழே கூரை எதுவும் இல்லாமல்தான் இஞ்சி விளைகிறது.

குளிர் நாட்டுக்காரன் கூடாரம் போடுவது சூட்டைப் பிடித்து வைக்க. நாம் போடுவது மழையைத் தடுக்க. இஞ்சி தண்ணீரை விரும்பும், ஆனால் தண்ணீரில் நிற்காது. இரண்டு நாள் வேரில் தண்ணீர் தேங்கினால் மென்னழுகல் என்ற நோய் வந்துவிடும். அடைமழையில் மண் தெறித்து, நோய் ஒரு செடியிலிருந்து மற்றச் செடிக்குத் தாவும். கூரை அதை நிறுத்துகிறது. மழையை நிறுத்திவிட்டால் செடிக்கு நாமே தண்ணீர் கொடுக்க வேண்டும், அதற்குத்தான் சொட்டு நீர். மேலே தடுத்த மழையைத் தாங்கியில் பிடித்து, கீழே அளந்து விடுகிறோம். இந்தத் தொழில்நுட்பம் முழுவதும் அவ்வளவுதான்.

அப்படியானால் கூடாரம் இல்லாமலே செய்யலாமே?

செய்யலாம். அரை ஏக்கர் தென்னங்காணி, தண்ணீர் வடிகிற சரிவு, முன்பு இஞ்சியோ தக்காளியோ வைக்காத மண், இவை மூன்றும் உங்களிடம் இருந்தால் கூடாரத்துக்குச் செலவழிக்காதீர்கள். அந்தக் காசை நல்ல விதை இஞ்சியிலும் கூட்டெருவிலும் போடுங்கள்.

பத்து, இருபது பேர்ச் காணிக்குள் மாட்டிக்கொண்டவர்கள், மண்ணில் ஏற்கெனவே வாடல் நோய் உள்ளவர்கள், நோயில்லாத விதை இஞ்சி செய்து விற்க நினைப்பவர்கள், இவர்களுக்குத்தான் கூடாரம் பொருந்தும். ஹவாயில் பற்றீரியா வாடல் நோய் வயல்களைத் தின்றபோது, அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் கூடாரத்துக்குள் பைகளில் இஞ்சி வளர்த்துச் சுத்தமான விதை எடுக்கும் முறையைச் செய்து காட்டினார்கள். நான் செய்வதும் கிட்டத்தட்ட அந்த வழிதான்.

நுவரெலியாவில் குடைமிளகாய்க் கூடாரம் பார்த்தேன். அதே மாதிரிப் போடலாமா?

வேண்டாம். மலையில் போடுகிற மூடிய கூடாரத்தைக் கொழும்பில் இறக்கினால் மத்தியானத்தில் உள்ளே 40 பாகையைத் தொடும். இஞ்சிக்குச் சுகமானது 25 முதல் 30 பாகை. வெளியிலேயே 31 இருக்கும்போது மூடி வைத்து என்ன செய்வது?

எங்களுடையது கூடாரம் என்று பெயருக்குத்தான். உண்மையில் அது ஒரு பெரிய குடை. மேலே 200 மைக்ரோன் தடிப்பில், வெயிலுக்குத் தாங்கும்படி பதப்படுத்திய பொலித்தீன். நான்கு பக்கமும் திறப்பு. ஓரம் மூன்று மீற்றர் உயரம், நடு முகடு நாலரை. முகட்டில் ஒரு பக்கக் கூரை மற்றதைவிட ஓர் அடி மேலே ஏறி நிற்கும், சூடான காற்று அந்த இடைவெளியால் போய்விடும். கூரை விளிம்பை இரண்டடி வெளியே நீட்டியிருக்கிறோம், சாரல் பைகளில் விழாதபடி. நிலத்தில் கறுப்பு விரிப்பு, சுற்றிவர வாய்க்கால்.

நிழல் வலை? கிட்டத்தட்ட கால்வாசி நிழலை இஞ்சி விரும்பும். ஆனால் பொலித்தீனே வெயிலில் ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறது. ஈரக் காற்றில் அதன்மேல் பாசி படியப் படிய இன்னும் இருட்டாகும். 75 வீத நிழல் வலையை மேலே இழுத்துவிட்டுச் செடி மெலிந்து நெடுக வளர்ந்ததைப் பார்த்து, “உரம் பத்தவில்லையோ” என்று கேட்டவர்கள் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை கூரையைக் கழுவுங்கள், வலையை மாசி, பங்குனி வெயிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இரும்புக் குழாய்க்குத் துருத்தடுப்புப் பூச்சு அடிக்காமல் தொடங்க வேண்டாம். தென்மேல் பருவக்காற்று மே மாதம் வந்தால் செப்டம்பர் வரை உப்போடு அடிக்கும்.

விதை இஞ்சி எங்கே வாங்குவது? சந்தை இஞ்சியை வைத்தால் முளைக்காதா?

முளைக்கும். எனக்கும் முளைத்தது. அதுதான் என் முதல் வருடத்துக் கதை.

சந்தையில் ஒரு வியாபாரி, “தம்பி, இது குருநாகல் இஞ்சி, கண்ணை மூடிக்கொண்டு வையுங்கோ” என்றார். கண்ணை மூடிக்கொண்டுதான் வைத்தேன். நாற்பது நாளில் பச்சைப் பசேல் என்று கிளம்பியது. அத்தான்கூட வந்து படம் எடுத்துப் போனார். மூன்றாம் மாதம் ஒரு மத்தியானம், ஓரப் பையில் இலைகள் சுருண்டு கீழ்நோக்கித் தொங்கின. பின்னேரம் தெளிந்தது. மறுநாள் மத்தியானம் தொங்கியது பிறகு நிமிரவில்லை. ஒரு தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் விட்டு நிறுத்தினேன். இரண்டு நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி ஒன்று மெதுவாக இறங்கியது. அதுதான் பற்றீரியா வாடல். கூரை, குழாய், டைமர் எல்லாம் புதிது. நோய் விதையோடு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. பாதிக்கு மேல் பைகளைக் கட்டித் தூக்கி எறிந்தோம்.

ஆகவே, கூடாரத்துக்கு முன் விதையைப் பற்றி யோசியுங்கள். முந்தைய பருவத்தில் நோய் வராத தோட்டத்தை, செடி நிற்கும்போதே போய்ப் பார்த்து, அங்கேயே சொல்லி வையுங்கள். இஞ்சி ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் கீழ் வரும் பயிர். உங்கள் பகுதி விரிவாக்க உத்தியோகத்தரிடம் கேட்டால் யாரிடம் விதை இருக்கிறது என்று சொல்வார்கள். அறுவடைக்குப் பிறகு கிழங்கு இரண்டு, மூன்று மாதம் உறங்கும். டிசம்பரில் கிண்டியதை ஜனவரியில் நட்டுவிட்டு முளைக்கவில்லையே என்று தவிக்க வேண்டாம். காற்றுப்படும் நிழலில், காய்ந்த மணலிலோ மரத்தூளிலோ அடுக்கி வையுங்கள்.

நடுவதற்கு முன் 50 பாகை வெந்நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி எடுப்பது வட்டப்புழுவைக் கட்டுப்படுத்தும். கையால் தொட்டுப் பார்த்து “சூடுதான்” என்று மதிப்பிடாமல் வெப்பமானி வைத்துச் செய்யுங்கள், கொஞ்சம் கூடினாலே முளை வெந்துபோகும். ஆனால் உள்ளே குடியிருக்கும் வாடல் பற்றீரியாவை இது போக்கும் என்று நம்பிவிட வேண்டாம்.

வெட்டும் கத்தியை ஒவ்வொரு கிழங்குக்கும் பிறகு தொற்றுநீக்கியில் நனைக்க வேண்டும். துண்டு ஒவ்வொன்றிலும் இரண்டு முளையாவது இருக்கட்டும், நிறை 40 கிராம் அளவில். வெட்டுவாய் காய இரண்டு நாள் விடுங்கள். விதை பற்றாக்குறையாக இருந்தால், கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப்பயிர் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய வழி ஒன்று இருக்கிறது. ஐந்து கிராம் அளவில் ஒற்றை முளைத் துண்டுகளைக் குழித்தட்டில் வைத்து, 30, 40 நாளில் நாற்றாக எடுத்து நடலாம். விதைச் செலவு பாதிக்குக் கீழே வரும். நாற்றுக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

வெளிநாட்டிலிருந்து நல்ல விதை கொண்டுவரலாமா?

பயணப் பையில் போட்டுக் கொண்டுவருவது கூடாது. நடுகைப் பொருளுக்கு அனுமதி வேண்டும், கட்டுநாயக்கவில் உள்ள தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம்தான் அதைப் பார்க்கும். சிரமம் பார்க்காதீர்கள், வாடல் நோய் ஊர் ஊராகப் போவதே இப்படித்தான்.

எந்த இஞ்சி? ஊர் இஞ்சியா, சீன இஞ்சியா?

இங்கே மூன்று வகை புழங்குகிறது. ஊர் இஞ்சி சிறிது, நாரும் காரமும் மணமும் கூட. சீன இஞ்சி கை மொத்தத்துக்கு வரும், தண்ணீர் அதிகம், காரம் குறைவு. ரங்கூன் இரண்டுக்கும் நடுவில். பிளேன்டிக்குத் தட்டிப் போட்டால் எது எதுவென்று உங்கள் அம்மாவுக்கே தெரியும். நிறைக்கு விற்பவர் சீன இஞ்சியை விரும்புவார். சுக்குக்கும் மருந்துக்கும் ஊர் இஞ்சி. ஐந்து கிலோ பச்சை இஞ்சி காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ சுக்கு கிடைக்கும், தண்ணீர் இஞ்சியில் அதுவும் வராது. நான் ரங்கூனில் முக்கால்வாசி, ஊர் இஞ்சியில் கால்வாசி வைக்கிறேன்.

பையில் என்ன நிரப்புவது?

மண் வேண்டாம் என்பது என் முடிவு. மண்ணோடு நோயும் வரும். கழுவிய தும்புத்தூள் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய கூட்டெரு ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு. “கழுவிய” என்ற சொல்லைக் கவனியுங்கள். தும்புத்தூளில் உப்பு இருக்கும். தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்து, அந்தக் கபில நிறம் வெளிறும் வரை மூன்று முறையாவது செய்ய வேண்டும்.

25 லீற்றர் பிடிக்கும் பை எடுங்கள். முழுவதும் நிரப்பாதீர்கள். பையின் வாயைச் சட்டைக் கையை மடிப்பது மாதிரி மூன்று மடிப்பாகச் சுருட்டிவிட்டு, கால்வாசிக்குச் சற்று மேலே நிரப்பி, இரண்டு துண்டுகளை முளை மேலே பார்க்க வைத்து இரண்டு அங்குலத்துக்கு மூடுங்கள். ஆறு வாரம் போனதும் ஒரு மடிப்பை அவிழ்த்துக் கலவை போடுங்கள். மூன்றாம் மாதம் அடுத்த மடிப்பு. இஞ்சி பக்கவாட்டிலும் மேலேயும்தான் தடிக்கும். மேலே இடம் கொடுக்கக் கொடுக்க விரல் விட்டுக்கொண்டு வரும். வெயிலில் தலை காட்டிய கிழங்கு பச்சை பிடித்து நின்றுவிடும்.

சொட்டு நீர் அமைப்புக்கு என்னென்ன வேண்டும்? எவ்வளவு தண்ணீர் விட வேண்டும்?

என் கணக்கையே சொல்கிறேன். நடைபாதை போக 600 பைகள். பைக்கு ஒரு சொட்டுவான், மணிக்கு 2 லீற்றர் விடுவது. 16 மில்லிமீற்றர் கிளைக் குழாய், அதிலிருந்து மெல்லிய குழாய் பிரிந்து பைக்குள் குத்திய அம்புமுனை வரை போகும். 1,000 லீற்றர் தாங்கி ஒன்று, அரைக் குதிரைவலுப் பம்பு, வட்டு வடிகட்டி, அழுத்தமானி, டைமர். பைகளை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒன்றன் பின் ஒன்றாகத் திறக்கும்படி வால்வு வைத்திருக்கிறேன்.

தாங்கியை உயரத்தில் வைத்துப் பம்பு இல்லாமல் செய்யலாமா என்று கேட்பார்கள். மூன்று மீற்றர் உயரம் என்றால் 0.3 பார் அழுத்தம்தான். ஐம்பது பைக்குப் போதும். அறுநூறு பைக்கு முதல் வரிசை குளிக்கும், கடைசி வரிசை தாகத்தில் நிற்கும்.

தண்ணீர் அளவு செடியின் வயதைப் பொறுத்தது. முளை வரும்வரை ஈரம் காயாமல் பார்த்தால் போதும். இரண்டு நாளுக்கு ஒரு முறை ஐந்து நிமிடம். அதிகம் விட்டால் முளைக்கு முன்னே துண்டு அழுகும். நாலாம் மாதம் இலை மூடி நிற்கும்போது பைக்கு ஒரு நாளில் 600 முதல் 800 மில்லிலீற்றர் வரை போகும். முழுக் கூடாரத்துக்கும் 400, 500 லீற்றர். அதை ஒரே தடவையில் விடாமல், காலை ஏழு மணி, பதினொரு மணி, பின்னேரம் மூன்று மணி என்று ஏழேழு நிமிடமாகப் பிரிக்கிறேன். மூட்டமாக மழை பெய்கிற நாளில் ஒரு தடவை போதும். செடி குடிப்பது வெயிலைப் பார்த்து. டைமருக்கு வெயில் தெரியாது.

சரியா பிழையா என்று பார்க்கக் கருவி வேண்டாம். கலவையில் ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். விரலிடுக்கில் ஈரம் மின்ன வேண்டும். சொட்டினால் அதிகம், கையை விரித்ததும் உதிர்ந்தால் குறைவு.

மாதம் ஒரு முறை இதையும் செய்யுங்கள். முதல் வரிசையில் ஒரு கோப்பை, கடைசி வரிசையில் ஒரு கோப்பை. இரண்டிலும் அம்புமுனையை வைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டால் 330 மில்லிலீற்றர் அளவில் நிற்க வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வடிகட்டியைக் கழற்றிப் பாருங்கள். அநேகமாக அங்கேதான் சேறு பிடித்திருக்கும். எங்களுடையதில் ஒரு தடவை ஒரு சின்னத் தவளை.

கிணற்றுத் தண்ணீர் ஆகுமா? குழாய்த் தண்ணீர்?

ஹோமாகம, பாதுக்கை, ஹங்வெல்லப் பக்கக் கிணறுகள் பலவற்றில் இரும்பு இருக்கிறது. வெள்ளை வாளியில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் செம்மண் நிறத்தில் படிந்திருந்தால், அதே படிவு சொட்டுவானின் மயிரிழை வாயை ஒரு மாதத்தில் அடைக்கும். தாங்கியில் மேலிருந்து சிதறி விழவிட்டு, ஒரு நாள் தெளியவைத்து, அடியிலிருந்து அரையடி மேலே எடுத்தால் பெரும்பகுதி தப்பலாம். குழாய்த் தண்ணீர் சுத்தம், ஆனால் பாவனை கூடக் கூட அலகின் விலையும் ஏறும்.

என் தெரிவு கூரைத் தண்ணீர். 200 சதுர மீற்றர் கூரையில் 10 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,000 லீற்றர். அவ்வளவையும் பிடிக்கத் தாங்கி இருந்தால் ஒரு பின்னேர மழை நாலு நாளைக்குப் போதும். பீலி போட்டு, முதல் தண்ணீரை வெளியே விட்டு, மிச்சத்தைப் பிடிக்கிறோம். கிணறு தை, மாசிக்கு மட்டும்.

உரம்?

தும்புத்தூளில் சத்து இல்லை, எனவே சொட்டு நீரோடு கரைத்துக் கொடுக்க வேண்டும். முதல் மூன்று மாதம் நைதரசன் கொஞ்சம் தூக்கலாக, கிழங்கு தடிக்கத் தொடங்கியதும் பொற்றாசியம் தூக்கலாக. இங்கே கடைகளில் கிடைக்கும் அல்பேர்ட் கலவையை லேசாகக் கரைத்து வாரம் இரண்டு முறை விடுகிறேன். கல்சியம் உள்ள உரத்தையும் சல்பேற்று, பொசுபேற்று உள்ளதையும் ஒரே வாளியில் அடர்த்தியாகக் கலக்காதீர்கள், சுண்ணாம்பு மாதிரிப் படிந்து குழாயை அடைக்கும். கரைசலின் அமிலத்தன்மை (pH) 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். உரம் விட்ட பிறகு ஐந்து நிமிடம் வெறும் தண்ணீர் ஓடவிடுங்கள்.

2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்களே, அந்தக் காலத்தில் பழகியவர்கள் கூட்டெருவோடும் மீன் கரைசலோடும் மட்டும் செய்கிறார்கள். முடியும். ஆனால் மீன் கரைசலைச் சொட்டுக் குழாயில் விட வேண்டாம், கையால் ஊற்றுங்கள். இதைச் சொன்னபோது கேட்காத ஒருவர் பிறகு 300 அம்புமுனைகளை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்.

மஞ்சளாகிறது, வாடுகிறது. என்ன நோய் என்று எப்படித் தெரியும்?

இலை நுனியிலிருந்து மஞ்சளாகி, அடித்தண்டு கொழகொழவென்று, இழுத்தால் கையோடு வந்து நாறினால் மென்னழுகல். பித்தியம் என்ற, பங்கசு போன்ற கிருமியின் வேலை, காரணம் அநேகமாக அதிக ஈரம். பச்சையாக இருக்கும்போதே மத்தியானத்தில் வாடி, கிளாஸ் சோதனையில் பால் கசிந்தால் பற்றீரியா வாடல். முதலாவதில் பையை எடுத்துவிட்டுப் பக்கத்துப் பைகளின் தண்ணீரைக் குறைத்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். இரண்டாவதுக்கு மருந்து கிடையாது. பையை அப்படியே பொலித்தீனில் கட்டி வெளியேற்றி, கையையும் கத்தியையும் செருப்பையும் கழுவுங்கள்.

நடுக்குருத்து மட்டும் காய்ந்து, தண்டில் ஓட்டையும் வெளியே எச்சத்தூளும் இருந்தால் தண்டு துளைப்பான். அந்தத் தண்டை வெட்டிப் பிளந்து புழுவை எடுத்துவிடுங்கள். எட்டாம் மாதம் எல்லாச் செடியும் சேர்ந்து மஞ்சளானால் பயப்படாதீர்கள், அது முதிர்வு.

ஒரு பையில் எட்டு கிலோ என்று யூடியூப்பில் காட்டுகிறார்களே?

காட்டுவார்கள். ஆயிரம் பையில் ஒரு பையைத்தான் கொட்டிக் காட்டுவார்கள். என் கூடாரத்தில் நன்றாக வந்த வருடம் பைக்குச் சராசரி ஒன்றரைக் கிலோ. அரைக் கிலோவும் வந்தது, மூன்றும் வந்தது. 600 பைக்கு 900 கிலோ என்று கணக்குப் போடுங்கள், விதைக்குப் போனது 48 கிலோ. எட்டு கிலோவை வைத்து வங்கியில் கடன் எடுக்காதீர்கள்.

சரி, காசு வருமா?

இங்கேதான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். இஞ்சி விலை ஒரே மாதிரி நிற்காது. 2024இல் கிலோ விலை ஆயிரங்களில் ஏறியதைப் பார்த்துப் பலர் இறங்கினார்கள். விலை ஏறினால் இறக்குமதிக்கு அனுமதி வரும், இஞ்சி முதிர எட்டு, பத்து மாதம் போகும். நீங்கள் நடும்போது இருந்த விலை கிண்டும்போது இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கூடாரம், பம்பு, குழாய்ச் செலவை ஐந்து வருடத்துக்குப் பிரித்து, பொலித்தீனை மூன்றாம் வருடம் மாற்றும் செலவையும் சேர்த்து, விதை, கலவை, உரம், கூலி எல்லாம் கூட்டி 900ஆல் பிரியுங்கள். வரும் தொகை உங்கள் ஒரு கிலோவின் விலை. தென்னைக்குக் கீழே கூரையில்லாமல் விளைவிக்கும் குருநாகல்காரரின் விலை அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பேலியகொடை மெனிங் சந்தைக்கு லொறியில் வரும் அவருடைய முதிர்ந்த இஞ்சியோடு விலையில் மோதினால் தோற்பீர்கள். நான் தோற்றேன்.

கொழும்புக்குப் பக்கத்தில் கூடாரம் வைத்திருப்பவர் விற்க வேண்டியது அந்தக் குருநாகல்காரரால் கொடுக்க முடியாததை. ஐந்தாம் மாதம் கிண்டும் இள இஞ்சி முதலாவது. தோல் சீவத் தேவையில்லை, நார் இல்லை, நுனி இளஞ்சிவப்பு. ஹோட்டல்களும் சீன, ஜப்பானிய உணவகங்களும் ஊறுகாய்க்குக் கேட்கும். ஆனால் வாரம் பிந்தினால் நார் விழும், இரண்டு நாளில் வாடும். காலையில் கிண்டி மத்தியானத்துக்குள் கொழும்பில் இறக்கக்கூடியவருக்குத்தான் அது வியாபாரம். அதற்காக மூன்று வாரத்துக்கு ஒரு முறை நூறு நூறு பையாக நடுகிறேன்.

இரண்டாவது, விதை இஞ்சி. நோயில்லை என்ற நம்பிக்கை வந்தால் சாப்பாட்டு இஞ்சியைவிட நல்ல விலை கிடைக்கும். அந்த நம்பிக்கை வர இரண்டு, மூன்று பருவம் எடுக்கும், திணைக்களத்தில் பதிந்துகொள்வது நல்லது.

மூன்றாவதைச் சொன்னால் சிரிப்பார்கள். தைப்பொங்கல். ஜனவரி 12, 13ஆம் திகதிகளில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தெருவோரங்களில் இஞ்சிக் கொத்தும் மஞ்சள் கொத்தும் என்ன விலைக்குப் போகிறது என்று பானை வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். அது இலையோடு பச்சையாக இருக்க வேண்டும். சித்திரையில் நட்டது தையில் மஞ்சளாகிச் சாய்ந்துவிடும். ஆகவே ஆனி கடைசியில் ஐம்பது பை தனியாக வைக்கிறேன். பொங்கலுக்கு முதல் நாள் கழுவிக் கட்டினால் பின்னேரத்துக்குள் முடிந்துவிடும். மிச்சக் கிழங்கு எப்படியும் சமையலுக்குத்தானே.

கொழும்பில் மொட்டை மாடியில் செய்யலாமா?

வீட்டுக்கு என்றால் தாராளமாக. வியாபாரத்துக்கு என்றால் முதலில் பாரத்தைக் கணக்கிடுங்கள். நனைந்த 25 லீற்றர் பை ஒன்று 15 கிலோவுக்குக் குறையாது. நூறு பை ஒன்றரைத் தொன். மேசன் பாஸிடம் கேட்காமல் எஞ்சினியரிடம் கேளுங்கள். நிலையான கூரை போடுவதானால் மாநகர சபையிலும் விசாரியுங்கள். காற்றுக்குக் கூரையைக் கட்டிப் பிடிப்பது அதைவிடப் பெரிய வேலை.

இன்னொன்று, டெங்கு. பைக்குக் கீழே தட்டு வைத்துத் தண்ணீர் பிடிப்பவர்கள், தாங்கியை மூடாதவர்கள், பீலியைச் சுத்தம் செய்யாதவர்கள் எல்லாரிடமும் பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வருவார். அவர் வருவதும் சரிதான். தட்டு வேண்டாம், பையின் அடியில் ஓட்டை போட்டுச் செங்கல்லில் தூக்கி வையுங்கள், தாங்கி வாயை நுளம்பு வலையால் கட்டுங்கள்.

யாரிடம் ஆலோசனை கேட்கலாம்?

விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேட்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இஞ்சிக்கென்றால் ஏற்றுமதி விவசாயத் திணைக்களம். நாரம்மலவில் அவர்களுடைய ஊடுபயிர், வெற்றிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஒரு நாள் போய்ப் பார்த்து வந்தால் பத்துக் காணொளிக்குச் சமம். மானியம் வருடத்துக்கு வருடம் மாறும். அதை நம்பித் திட்டம் போடாதீர்கள், கிடைத்தால் வாங்குங்கள்.

அறுவடைக்குப் பிறகு அதே கலவையை மீண்டும் பாவிக்கலாமா?

இஞ்சிக்கு வேண்டாம். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கும் வேண்டாம், வாடல் பற்றீரியா அவற்றையும் பிடிக்கும். நோயில்லாத பைகளில் இருந்ததைக் கீரைப் பாத்திக்கும் பூச்செடிக்கும் கொடுங்கள்.

நான் வேலைக்குப் போகிறேன். சனி, ஞாயிறு மட்டும் போய்ப் பார்த்தால் போதுமா? டைமர் இருக்கிறதே?

டைமர் இருக்கிறது, மின்வெட்டும் இருக்கிறது. எங்களுடையது ஒரு தடவை மின்சாரம் போய் வந்த பிறகு நேரத்தை மறந்து, நள்ளிரவில் தண்ணீர் விட்டு மத்தியானத்தில் சும்மா இருந்தது. மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை. இப்போது உள்ளே பற்றரி உள்ள டைமர். அதோடு அத்தான் காலையில் பல் தேய்த்துக்கொண்டே முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் போய் விரலைப் பைக்குள் விட்டுப் பார்த்துவிட்டு, வட்ஸ்அப்பில் “ஈரம் சரி” என்று இரண்டு சொல் அனுப்புவார். பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ அவருக்கு என்பது பேச்சு. போன வருடம் அவர் தன் பங்கை எடுத்துப் பக்கத்து வீட்டாருக்கு விதையாக விற்றது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னைவிட நல்ல விலைக்கு.